அப்போதிக்கரியின் கலக்கூசி

கலீலுர் றஹ்மான் தமது நாற்பத்து நான்காவது வயதில் ஒரு பரீட்சைக்குப் படித்தார். அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், பத்து ஆண்டுகளாக நன்மையென்று எண்ணித் தாம் செய்துவந்த ஒரு காரியம் உண்மையில் என்னவென்று அறிந்துகொண்டார். அதை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். 1963ஆம் ஆண்டு சனவரி இருபதாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருக்கும். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். அங்கு கண்டதைச் சொல்லும் ஆற்றல் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நடந்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஊர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ளது. அங்கே இன்றும் அந்தக் குடும்பத்தார் வாழ்வதால் ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். நான் அவ்வூர்ப் பாடசாலையில் ஏழு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். கலீலுர் றஹ்மான் அரசாங்க மருந்துச்சாலையின் அப்போதிக்கரி. டாக்டர் பட்டம் பெறாமல், இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்று, டாக்டர் இல்லாத ஊர்களில் டாக்டரின் வேலையைச் செய்பவர்களை அக்காலத்தில் அவ்வாறு அழைத்தோம். அவர் கிண்ணியாவிலே பிறந்தவர். இந்த ஊரில் ஜெமீலாவை மணந்து, எங்கள் பகுதி வழக்கப்படி மனைவியின் வீட்டிலேயே வாழ்ந்தார்.

அப்போதிக்கரியாக இருக்கும்வரை இடமாற்றம் தப்பாது. அந்த ஆண்டின் முடிவில் அவரை மலைநாட்டுப் பக்கம் அனுப்பப்போவதாகக் கதை அடிபட்டது. ஜெமீலாவோ தன் வீட்டை விட்டு ஒருபோதும் அசையமாட்டார். கொழும்பில் நடக்கும் பரீட்சையில் தேறினால் தனியே வைத்தியம் பார்ப்பதற்கான பதிவு கிடைக்கும். அரசாங்க வேலையை விட்டு மூதூர்க் கடைத்தெருவில் ஒரு அறை எடுத்து இருந்துவிடலாம். எழுத்துத்தாள் இரண்டு, வாய்மொழிப் பரீட்சை ஒன்று. அனைத்தும் ஆங்கிலத்தில். ஆகவே ஞாயிறுதோறும் நான் அவருடைய வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்வார்.

ஜெமீலாவுக்குக் காது கேளாது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கடுங்காய்ச்சல் கண்டு, கணவரின் ஊசிகளால் உயிர் பிழைத்தார். குழந்தை தங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னார்; மாத முடிவில் எதுவுமே கேட்கவில்லை. ஊரில் எவரும் இதற்காக வியப்படையவில்லை. எங்கள் பகுதியில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியே வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஜெமீலாவின் குடியில் வயது போன இருவர் ஏற்கெனவே காது மந்தமானவர்கள். அதன்பின் ஒவ்வொருவராக வேறு சிலருக்கும் கேள்விப்புலன் போயிற்று. “செவிட்டுக் குடி” என்று ஊர் பேர் வைத்துவிட்டது. ஜெமீலாவின் தங்கை ஜெஸீமாவுக்குக் கிண்ணியாவிலிருந்து பேசிவந்த கலியாணம் அந்தப் பேரினாலேயே நின்றுபோனது.

அன்று அவ்வீட்டில் எல்லாரும் வழக்கமான வேலையில் இருந்தார்கள். ஜெமீலா மேசையின் ஒரு மூலையில் கத்தரிக்கோலோடு அமர்ந்திருந்தார். மருந்துச்சாலையில் தூள் மருந்து மடித்துக் கொடுப்பதற்குக் கடுதாசி எப்போதும் போதாது. ஆகவே மருந்துப் பெட்டிகளுக்குள் வரும் ஆங்கில விளக்கத்தாள்களை அப்போதிக்கரி வீட்டுக்குக் கொண்டுவருவார். மெல்லிய, சுத்தமான கடுதாசி. ஜெமீலா அவற்றை நான்காக வெட்டி ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் அடுக்கி வைப்பார். ஊரில் வயிற்றுவலிக்கோ நெஞ்செரிவுக்கோ மருந்து வாங்கியவர்கள் எல்லாரும் அந்தக் கால்துண்டுகளில்தான் மடித்து வாங்கிப் போனார்கள்.

மகள் றஹ்மாவுக்குப் பதின்மூன்று வயது. கடற்கரையில் மட்டி ஓடு குத்திக் காலில் ஏற்பட்ட புண் சீழ் பிடித்திருந்தது. பத்து நாள் ஊசி என்று தகப்பன் தொடங்கியிருந்தார், நான்கு போட்டாயிற்று. ஐந்தாவதைப் போடுவதற்கு ஊசியையும் குழாயையும் அவளே குசினியில் அவியவைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு வந்து எங்களுக்குத் தேநீர் வைத்தாள்.

“மாஸ்டர், வாப்பா இண்டைக்கு எத்தனை பிழை?”

“இதுவரை ஒன்றும் இல்லை, பிள்ளை.”

“லேசான கேள்வியாக் கேக்கிறீங்க போல. போன கிழமை மூணு பிழை. நான் எழுதி வெச்சிரிக்கன்.”

“போடி, போய் அடுப்பப் பாரு,” என்றார் தகப்பன். “சோதினை எனக்கா உனக்கா?”

“எனக்கெண்டால் பாஸ் பண்ணிரிப்பன்.”

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அடுத்த பாடத்தைத் திறந்தேன். அவர் திருகோணமலை நகரில் ஒரு டாக்டரிடம் மூன்று கிழமைக்கு இரவல் வாங்கி, முதல்நாள்தான் லோஞ்சுப் படகில் கொண்டுவந்திருந்த புதிய பதிப்பு அது. அப்போதிக்கரி பயிற்சிக் காலத்தில் எழுதிய கொப்பிகள் 1944இல் முடிந்தவை. பெனிசிலினும் அதன் பின் வந்தவையும் அவற்றில் இல்லை. அவர் கையாண்ட மருந்துகளுள் பெயர்பெற்றது, பெனிசிலினோடு டைஹைட்ரோ ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தும் சேர்ந்த வெள்ளைத் தூள். தண்ணீர் விட்டுக் கலக்கிப் போடுவதால் ஊரார் அதைக் கலக்கூசி என்பார்கள். ‘கலக்கூசி போடாட்டி வருத்தம் போகாது’ என்று வெருகலிலிருந்துகூட ஆட்கள் வண்டி கட்டி வருவார்கள்.

“டைஹைட்ரோ ஸ்ட்ரெப்டோமைசின்,” என்று வாசித்தேன். “இதனால் ஏற்படக்கூடிய தீங்குகள் எவை?”

அவர் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி. கதிரையில் சாய்ந்துகொண்டார்.

“போட்ட இடத்தில நோவு. சிலருக்குத் தோலில தடிப்பு. வேற ஒண்டும் இல்ல. அது தங்கமான மருந்து, மாஸ்டர். எனக்கே அம்பத்துநாலில கையில சீழ்க்கட்டு வந்து பத்து ஊசி போட்டுக்கிட்டன். பாருங்க, கல்லு மாதிரி இரிக்கன்.”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். விடை அவர் சொன்னதோடு நிற்கவில்லை. மனதுக்குள் ஒருமுறை வாசித்தேன். பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று மறுபடியும் வாசித்தேன். பிறகு உரக்க வாசித்தேன். அதன் பொருள் இது: இம்மருந்து காது நரம்பைக் கெடுக்கும், சிறிய அளவிலும் கெடுக்கலாம், கேள்விக் குறைவு கடைசி ஊசி போட்டுச் சில கிழமைகளோ மாதங்களோ கழித்தே தோன்றும், தோன்றினால் மீளாது, சில குடும்பங்களில் இத்தீங்கு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

“பிழையா அச்சடிச்சிருக்காங்க,” என்றார் அவர்.

நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

“மாஸ்டர், அது பிழை. பெட்டியோட வாற தாளில அப்படி ஒண்டும் இல்ல. ஐம்பத்திரண்டில முதல் பெட்டி வந்த நேரம் ரெண்டு தரம் வாசிச்சனான். அளவு மட்டும்தான் இரிந்தது.”

“பிறகு வந்த தாள்களை வாசித்தீர்களா?”

“ஒரே பெட்டி. ஒரே நிறம். ஒரே தாள்...”

சொல்லிக்கொண்டு வந்தவரின் கண் மேசை மூலைக்குப் போயிற்று. என் கண்ணும் போயிற்று. ஜெமீலா ஒரு தாளை மடித்து, நகத்தால் அழுத்தி, நேராக வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதிக்கரி எழுந்து பேணியை எடுத்து மேசையில் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கான கால்துண்டுகள். ஜெமீலா திடுக்கிட்டு, “என்ன செய்யிறீங்க? அடுக்கி வெச்சத எல்லாம்!” என்று கத்தினார். நாங்கள் இருவரும் துண்டுகளைப் புரட்டினோம். மேல் இடப்பக்கத் துண்டுகளில் மருந்தின் பெயர். கீழ்த்துண்டுகளில் அளவு. மேல் வலப்பக்கத் துண்டு ஒன்று என் கையில் அகப்பட்டது. அதன் மேல் கறுப்புக் கோட்டுக்குள் அச்சடித்த ஒரு பந்தி, பாதியில் அறுந்திருந்தது. அதற்குரிய மறுபாதியை அவர் கண்டெடுத்து அருகில் வைத்தார். வெட்டு பொருந்தியது. புத்தகம் சொன்னதையே அந்தத் தாளும் சொன்னது. அடியில் 1956 என்று அச்சிட்டிருந்தது.

ஏழு ஆண்டுகளாக அந்த எச்சரிக்கை அவ்வூரின் வீடுவீடாகப் போயிருக்கிறது. சோடாத்தூளைச் சுற்றிப் போயிருக்கிறது. காது கேளாத ஒரு பெண்ணின் கையால் வெட்டப்பட்டுப் போயிருக்கிறது. என் வீட்டிலும் ஒரு துண்டு இருந்திருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும். மருந்தைக் குடித்துவிட்டுக் கடுதாசியை எறிந்திருப்பேன்.

அப்போது குசினியிலிருந்து றஹ்மாவின் குரல் கேட்டது.

“வாப்பா! ஊசி அவிஞ்சிட்டுது! வாறீங்களா?”

அவளுக்குப் போட்டுவந்ததும் கலக்கூசிதான். றஹ்மா தாயின் பிள்ளை; தாயின் குடி.

“வாப்பா!”

“இண்டைக்கு ஊசி இல்ல,” என்றார். “இனி ஊசி இல்ல, மகள். அடுப்ப நூத்திட்டு வாங்க.”

“ஹை!” என்றாள் அவள். பிள்ளைக்கு ஊசி தப்பிய மகிழ்ச்சி.

ஜெமீலா எங்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேளாதவர்களிடம் முகத்தை மறைத்தல் கடினம். “என்ன எழுதியிரிக்கு?” என்று கேட்டார். அவர் குரல் எப்போதும் சற்று உரத்தது. “இந்தக் கடுதாசியில என்ன எழுதியிரிக்கு?”

நான் எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை.

வேறு எந்தக் கணவனும் இத்தகைய செய்தியை மனைவியின் காதருகே குனிந்து மெல்லச் சொல்லியிருப்பான். கலீலுர் றஹ்மானுக்கு அந்த வசதியும் இல்லை. அவர் ஜெமீலாவுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, “உன்ட காது அந்த ஊசியால போனது,” என்றார். ஜெமீலாவுக்கு விளங்கவில்லை. “என்ன? காதா?” என்றார். கணவர் இன்னும் உரக்கச் சொன்னார். “ஊசியா? யாரு போட்ட ஊசி?” என்றார் ஜெமீலா. மூன்றாம் முறை கணவர் கத்தினார்.

“நான் போட்ட ஊசி! உன்ட காதைக் கெடுத்தது நான்! உன்ட குடியில எல்லார்ட காதையும் கெடுத்தது நான்!”

கிடுகு வேலிக்கு அப்பால் நெல் புடைத்துக்கொண்டிருந்த சுளகுச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த வீட்டுக் கிணற்றில் வாளி இறங்கும் சத்தமும் நின்றது. குசினி வாசலில் றஹ்மா நின்றாள்.

ஜெமீலா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அல்லது அடிப்பார் என்று. அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். மகளைப் பார்த்தார், மகளின் காலைப் பார்த்தார்.

“இவளுக்கு எத்தனை போட்டீங்க?”

அவர் நான்கு விரலைக் காட்டினார்.

அன்று மாலை முழுவதும் மருந்துச்சாலைப் பதிவேட்டை இருவரும் புரட்டினோம். கலக்கூசி போட்டவர்கள் எண்ணற்றோர். பெரும்பாலானோருக்கு எதுவும் நேரவில்லை. கேள்வி போனவர்கள் என்று ஊரறிந்த பதினொருவரைத் தேடினோம். பதினொருவரும் பதிவேட்டில் இருந்தார்கள். ஒன்பது பேர் ஜெமீலாவின் குடி. ஊசிக்கும் கேள்வி போனதற்கும் இடையே ஆறு கிழமை முதல் ஐந்து மாதம் வரை சென்றிருந்ததால், இரண்டையும் எவரும் தொடர்புபடுத்தவில்லை. காது போனால் ஊரார் மருந்துச்சாலைக்கு வருவதுமில்லை. குடியின் விதி என்று இருந்துவிடுவார்கள்.

எட்டாவது பெயர் அசனா. ஜெமீலாவின் மூத்த சகோதரியின் மகள், என் மாணவி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறாள் என்று அவளை நான் ஒரு தவணை முழுவதும் வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். தேர்ச்சி அறிக்கையில் “கவனமின்மை” என்று அழகான எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரின் கீழ் விரலை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் இருந்தேன்.

மறுநாள் காலையிலேயே ஜெமீலாவின் தமையன் ஹிஸ்புல்லா வந்தார். எருமை வைத்து வயல் செய்பவர். எளிதில் கோபம் வரும். வேலியோரம் கேட்ட சத்தம் அவருடைய வீடுவரை போயிருந்தது.

“மச்சான், ஊருல கதைக்கிறது மெய்யா?”

“மெய்தான்.”

“செவிட்டுக் குடி, செவிட்டுக் குடி எண்டு எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது நீதானா? எங்கட வீட்டுச் சோத்தத் திண்டு, எங்கட வீட்டுல படுத்து எழும்பி?”

“ஓம்.”

“ஓமாம்! ஓம் எண்டு சொன்னாச் சரியா? ஜெஸீமாட கலியாணம் நிண்ட நேரம் நீ என்ன சொன்னாய்? ‘அல்லாஹ்ட நாட்டம்’ எண்டு சொன்னாய். என்ட முகத்தப் பாத்துச் சொன்னாய்!”

“அப்ப எனக்குத் தெரியா, மச்சான்.”

“தெரியாட்டி ஏன் குத்தினாய்?”

எந்தப் பரீட்சையிலும் இதைவிட நேரான கேள்வி வந்திராது. ஹிஸ்புல்லா கையை ஓங்கினார். ஜெமீலா நடுவில் வந்து நின்றார். “அடிச்சா என்ட காது வருமா, நானா?” என்று தமையனைக் கேட்டார். ஹிஸ்புல்லா முற்றத்தில் குந்தியிருந்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிந்தபின் கலீலுர் றஹ்மான் எழுந்து நின்று பதினொரு பெயரையும் சொல்லி, “இது குடியில உள்ள குறை இல்ல, நான் போட்ட ஊசி,” என்றார். சிலர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். ஆனால் என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று: திங்கட்கிழமை மருந்துச்சாலையில் வழக்கம்போல வரிசை நின்றது. ஒரு கிழவர், “காது போனாப் போகட்டும் ஐயா, காய்ச்சலுக்கு அந்தக் கலக்கூசியே போடுங்க,” என்று கேட்டு, அவர் மறுத்ததற்காகக் கோபித்துக்கொண்டு போனார். அப்போதிக்கரி மிஞ்சியிருந்த குப்பிகளை அலுமாரியில் பூட்டி முத்திரை வைத்து, மேலிடத்துக்கு விரிவான அறிக்கை எழுதினார். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொடுத்தேன்.

இனி எஞ்சியிருந்தது றஹ்மாவின் காது. நான்கு ஊசி. ஆறு கிழமை முதல் ஐந்து மாதம்வரை.

புத்தகத்தில் கடிகாரச் சோதனை என்று ஒன்று சொல்லப்பட்டிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டுச் சட்டைப்பைக் கடிகாரத்தைக் காதிலிருந்து சிறிது சிறிதாக விலக்கி, எவ்வளவு தூரம்வரை ஓசை கேட்கிறது என்று அளப்பது. அவர் ஒவ்வொரு காலையும் மகளைக் கதிரையில் இருத்தி அதைச் செய்தார்; ஒவ்வொரு தூரத்திலும் தோளைத் தொடுவார், அவள் பதில் சொல்வாள். அடிமட்டம் என்னுடையது. வலக்காது முப்பத்திரண்டு அங்குலம், இடக்காது முப்பது. ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, எண்கள் மாறவில்லை.

“இவட காதுக்கு ஏதும் நடந்தா நான் கொழும்புக்குப் போகமாட்டன், மாஸ்டர்,” என்றார் ஒரு நாள். “ஊசி தொட ஏலாத கைக்குப் பதிவெதுக்கு?” றஹ்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அதைக் கேட்டாள். அன்று அவளுக்குக் கேட்டது.

மார்ச் இறுதியில் அவர் பரீட்சைக்குப் போனார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து எனக்குச் சொன்னார். வாய்மொழிப் பரீட்சையில் மூவர் இருந்தார்களாம். இருவர் கேட்டவை சாதாரணமானவை. மூன்றாமவர், வயது போனவர், “இவ்வளவு காலச் சேவையில் நீர் நேரில் கண்ட, மருந்தினால் விளைந்த ஒரு தீங்கைச் சொல்லும்,” என்றாராம். இவர் பதினொரு பேரையும், வயது, ஊசியின் தொகை, எத்தனை கிழமையில் கேள்வி போனது என்ற விவரத்தோடு மனப்பாடமாக ஒப்புவித்திருக்கிறார். நடுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

“இந்த ஊசிகளைப் போட்டவர் யார்?”

“நான்தான், ஐயா.”

“முன்னரே அறிவித்திருக்கலாமே?”

“சனவரி இருபதாந் திகதிதான் எனக்குத் தெரியவந்தது, ஐயா. இந்தப் பரீட்சைக்குப் படித்திராவிட்டால் இன்றைக்கும் தெரிந்திராது.”

“நோயாளிகளை நன்றாக நினைவு வைத்திருக்கிறீர்.”

“ஆறாவது என் மனைவி, ஐயா.”

அத்துடன் அவரைப் போகச் சொன்னார்களாம்.

யூன் மாதம், ஒரு புதன்கிழமை, முடிவு வந்தது. தபாற்காரர் பாடசாலை வழியாக வருபவராதலால் நானும் கூடவே போனேன். அவர் உறையைப் பிரித்து வாசித்தார். தாளை என்னிடம் தந்தார். முற்றத்தில் ஜெமீலாவும் றஹ்மாவும் எதிரெதிரே அமர்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். றஹ்மாவின் முதுகு எங்களுக்கு.

“றஹ்மா! வாப்பா பாஸ்!” என்று நான் கூப்பிட்டேன்.

ஜெமீலா என் வாயைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கண்டபின்தான் றஹ்மா திரும்பினாள். “என்ன, என்ன?” என்று ஓடிவந்து தாளைப் பார்த்துத் துள்ளினாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அங்கே இருந்தவர்களுள் ஜெமீலா ஒருவருக்கு மட்டும் தோன்றியது. அவர் கையில் இருந்த மிளகாய் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நான் தொதல் இனிப்பு வாங்கிக்கொண்டு வாழ்த்தப் போனேன். ஜெமீலா என்னை வாசலிலேயே மறித்தார். சேலைத் தலைப்பிலிருந்து கணவரின் கடிகாரத்தை எடுத்துத் தந்தார்.

“மாஸ்டர், காதில வெச்சிப் பாருங்க. சத்தம் வருதா?”

வைத்துப் பார்த்தேன். “இல்லை. நின்றுவிட்டது. சாவி கொடுக்கவேண்டும்.”

“வேணாம். அப்படியே தாங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் ஒளிச்சி வெச்சிரிக்கன்.”

எனக்கு அப்போது விளங்கியது.

உள்ளே அப்போதிக்கரி கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். “இண்டைக்கு நான் பிடிக்கிறன்,” என்றார் ஜெமீலா. றஹ்மா வழக்கம்போலக் கதிரையில் அமர்ந்து தானே கண்ணைக் கட்டிக்கொண்டாள். ஜெமீலா மகளின் இடக்காதின் அருகே கடிகாரத்தைப் பிடித்து அவள் தோளைத் தொட்டார்.

“கேக்குது,” என்றாள் றஹ்மா.

ஜெமீலா கையைப் பத்து அங்குலத்துக்கு விலக்கினார், தோளைத் தொட்டார்.

“கேக்குது.”

இருபது.

“கேக்குது, வாப்பா. இண்டைக்கு நல்லாக் கேக்குது.”

ஜெமீலா கடிகாரத்தின் முகத்தைக் கணவர் பக்கம் திருப்பினார். அவர் முட்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது சொல் அன்று. அடிபட்ட மனிதனின் ஓசை. அவ்வளவு பெரிய ஓசைக்கும் றஹ்மா தலையைத் திருப்பவில்லை. கண் கட்டியபடி, முகத்தில் சிறு புன்னகையோடு, அடுத்த தொடுகைக்காகக் காத்திருந்தாள்.

தாய்தான் கண்கட்டை அவிழ்த்தார். எங்கள் மூவரின் முகத்தையும் கண்டு பிள்ளை எல்லாவற்றையும் அறிந்துகொண்டாள்.

“எப்பயிலிருந்து?” என்று கேட்டார் ஜெமீலா.

றஹ்மா தகப்பனைப் பார்க்காமல் தாயைப் பார்த்துச் சொன்னாள். பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில் முதலில் இரைச்சல். பிறகு குருவிச் சத்தம் போனது. பிறகு கடிகாரம். எத்தனை அங்குலத்தில் ‘இல்லை’ என்று சொல்லவேண்டும் என்பது கொப்பியைப் பார்த்து அவளுக்குத் தெரியும். தகப்பனின் கை விலகும்போது கட்டிய துணியினூடே நிழல் மாறுவதும் முகத்தில் காற்று மாறுவதும் தெரியும். அதை வைத்துக் கணக்குப் பார்த்தாளாம்.

“சொல்லியிரிந்தா வாப்பா சோதினைக்குப் போயிரிக்கமாட்டாரு. முடிவு வந்ததும் சொல்ல இரிந்தன். வாப்பா சந்தோசமா இரிந்தாரு... அதான் இன்னும் ரெண்டு நாள் போகட்டும் எண்டு...”

கலீலுர் றஹ்மான் அலுமாரியைத் திறந்து முடிவுத்தாளை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நான் உணர்வதற்கு முன்பே ஜெமீலா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது எவ்வளவு விலை குடுத்து வந்தது எண்டு தெரியுமா? வெய்யிங்க அத.”

“எனக்கு இனி ஏலாது, ஜெமீலா.”

“ஏலும். நீங்க போனா இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் தெரியாது. அவனும் குத்துவான். நீங்கதான் இஞ்ச இரிக்கணும்.”

அவர் ஏதோ சொன்னார். தலை குனிந்திருந்தது, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜெமீலா அவருடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

“நிலத்தப் பாத்துக் கதைக்காதீங்க. வெளிச்சத்துக்கு வாங்க.” இழுத்து வந்து யன்னலடியில் நிறுத்தினார். மகளையும் அருகே நிறுத்தினார். “இவ இனி வாயப் பாத்துத்தான் விளங்கணும். எனக்கு எட்டு வருசம் பழக்கம். இந்த மீசக் காட்டுக்குள்ளேயும் கண்டுபிடிச்சிருவன். புள்ளைக்கு ஏலாது. முதல்ல அந்த மீசைய எடுங்க.”

மேலுதடு முழுவதையும் மூடிய பெரிய மீசை அது. அவர் விளங்காதவர்போல் அதைத் தடவினார். ஜெமீலா குசினிக்குப் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தையும் சவரக்கத்தியையும் கொண்டுவந்து யன்னல் விளிம்பில் வைத்தார். அவர் கத்தியைக் கையில் எடுத்தார். ஜெமீலாவே வாங்கி, வெளிச்சத்தில், மகள் பார்த்துக்கொண்டிருக்க, வழித்துவிட்டார்.

பிறகு விலகி நின்று, “இப்ப சொல்லுங்க,” என்றார். “அவட பேரச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. உதடுகள் அசைந்ததைக் கண்டேன். றஹ்மா அந்த வெறும் உதடுகளை உற்றுப் பார்த்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க, வாப்பா,” என்றாள். “மெதுவா.”